காரின் டீசல் குழாய் போல்ட்டை நன்றாக இறுக்கியும் ஏன் கசிகிறது?

ஃபில்டரை மாற்றிய பிறகு இறுக்க இறுக்கக் கசிவு கூடுகிறது என்கிறீர்கள். முதலில் ஸ்பேனரைக் கீழே வையுங்கள். இன்னும் இறுக்கினால் மரை போய்விடும்.

குழாயைப் பிடித்திருக்கும் துளையுள்ள போல்ட்டில், குழாய் முனையின் இருபுறமும் செப்பு வாஷர் இருக்கும். கழற்றிய பழைய வாஷரை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், வட்டமாக ஒரு பள்ளம் தெரியும். மென்மையான செம்பு அப்படி நசுங்கித்தான் இடைவெளியை அடைக்கிறது. நசுங்கிய செம்பு கடினமாகிவிடுவதால் மறுமுறை சரியாகப் படியாது. எனவே ஒவ்வொரு முறையும் புது வாஷர் போடுங்கள். விலை சில ரூபாய்தான்.

அடுத்தது டார்க் அளவு, அதாவது போல்ட்டை எவ்வளவு திருப்பு விசையில் இறுக்குவது என்பது. 6 மில்லிமீட்டர் போல்ட்டுக்குப் பொதுவாக 10 நியூட்டன் மீட்டர் அளவில்தான் சொல்லியிருப்பார்கள். 20 செ.மீ. ஸ்பேனரின் நுனியில் 5 கிலோ எடையைத் தொங்கவிடுவது போன்றது அது. கோபத்தில் இழுக்கும் கை அதைப்போல் பல மடங்கு கொடுத்துவிடும். எதிரே அலுமினிய மரை இருந்தால் அதுதான் முதலில் உரியும். உங்கள் வண்டியின் சர்வீஸ் கையேட்டில் உள்ள எண்ணைப் பார்த்து, அந்த அளவை வைத்து இறுக்க உதவும் டார்க் ரெஞ்ச்சால் மட்டும் இறுக்குங்கள். கையேடு சொல்லாதவரை மரையில் எண்ணெய் தடவாதீர்கள். உராய்வு குறைந்து, அதே டார்க்கில் போல்ட் அதிகமாக இழுபடும்.

காமன் ரெயில் எஞ்சினின் (எல்லா இன்ஜெக்டர்களுக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து உயரழுத்த டீசல் போகும் வகை) உயரழுத்தக் குழாயை மட்டும் எஞ்சின் ஓடும்போது தொடவே தொடாதீர்கள். அங்கே அழுத்தம் 1,000 பாரை, அதாவது காற்று மண்டல அழுத்தத்தைப் போல் சுமார் ஆயிரம் மடங்கைத் தாண்டும். பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.