த்ராட்டில் பாடி சின்க்: வீட்டில் செய்பவர்களின் கேள்விகள்

கேள்வி: என் இன்டர்செப்டர் 650 ஐடிலிங்கில் ஒரே சீராக அடிக்காமல் நொண்டுகிறது. சின்க் போய்விட்டதா அண்ணா?

அது நொண்டல் இல்லை தம்பி, பிறவிக் குரல். அதன் கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) 270 டிகிரி கோணத்தில் அமைந்தது. ஒரு வெடிப்புக்கும் அடுத்ததற்கும் 270 டிகிரி, அதற்கடுத்து 450 டிகிரி இடைவெளி. காதுக்கு அப்படித்தான் கேட்கும். சின்க் போயிருந்தால் ஆர்பிஎம் நிலையாக நிற்காது, த்ராட்டிலை லேசாகத் திறக்கும்போது வண்டி வெட்டும், கைப்பிடி வழக்கத்தைவிடக் கூடுதலாக அதிரும்.

கேள்வி: சின்க் என்பது எல்லா சிலிண்டருக்கும் பெட்ரோலைச் சமமாக விடுவதா?

இல்லை, காற்றைச் சமமாக விடுவது. சிலிண்டருக்குள் போகும் காற்றைத் திறந்து மூடும் பாகம்தான் த்ராட்டில் பாடி; அவை எல்லாம் ஒரே அளவு காற்றை விடச் செய்வதே சின்க். பெரும்பாலான வண்டிகளில் ஈசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) ஒவ்வொரு சிலிண்டரின் காற்றையும் தனித்தனியாக அளப்பதில்லை. பொதுவான கணக்கில்தான் பெட்ரோலைத் தெளிக்கிறது. அதனால் காற்று கூடிய சிலிண்டர் லீனாகவும் (பெட்ரோல் பங்கு குறைந்து) குறைந்தது ரிச்சாகவும் (பெட்ரோல் பங்கு கூடி) ஓடும்.

கேள்வி: வேக்குவம் கேஜ் (உறிஞ்சலை அளக்கும் மீட்டர்) வாங்க வசதியில்லை சார். வீட்டிலேயே செய்துகொள்ள முடியுமா?

தாராளமாக. மீன் தொட்டிக் கடையில் கண்ணாடி போல் தெரியும் டியூப் ஆறு மீட்டர் வாங்குங்கள். கதவு உயரப் பலகையில் ‘யு’ வடிவில் கட்டி, அடியில் முழங்கால் உயரத்துக்கு 2டி ஆயில் (டூ-ஸ்ட்ரோக் வண்டிக்கான ஆயில்) ஊற்றுங்கள். இரு முனைகளையும் இரண்டு த்ராட்டில் பாடிகளின் வேக்குவம் முனைகளில் மாட்டினால், எந்தப் பக்கம் உறிஞ்சல் அதிகமோ அந்தப் பக்கம் ஆயில் ஏறும். அந்தச் சிலிண்டருக்குத்தான் காற்று குறைவு. நான்கு சிலிண்டர் என்றால் இரண்டிரண்டாகப் பாருங்கள்.

பல மேனுவல்கள் 10 மி.மீ. பாதரசம் வரை வித்தியாசத்தை அனுமதிக்கின்றன. இந்த ஆயில் டியூபில் அது ஏறக்குறைய 15 செ.மீ.! முள் கேஜில் கண்ணுக்கே தெரியாத வித்தியாசம் இதில் பளிச்சென்று தெரியும். ஆயில் துள்ளினால், மெடிக்கல் கடையில் கிடைக்கும் டிரிப் செட்டின் உருளைக் கிளிப்பை டியூபில் மாட்டி நெரியுங்கள். முதல் முறை நான் அதை மாட்டவில்லை. இன்ஜின் மொத்த ஆயிலையும் குடித்துவிட்டது. தெருவே கொசு மருந்து அடித்தது போல் ஆனது.

கேள்வி: எந்த ஸ்க்ரூவைத் திருப்புவது? நிறைய இருக்கிறதே.

பெயின்ட் பூசியதைத் தொடவே தொடாதீர்கள். அது பட்டர்ஃப்ளை (காற்று வழியைத் திறந்து மூடும் தகடு) முழுதாக மூடாமல் நிறுத்தும் ஸ்க்ரூ, தொழிற்சாலையில் அமைத்தது. ஐடிலிங்கில் நாம் தொடுவது பைபாஸ் ஏர் ஸ்க்ரூ, அதாவது பட்டர்ஃப்ளையைச் சுற்றிப் போகும் காற்றைக் கூட்டிக் குறைப்பது. இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு, காற்று குறைந்த பக்கத்து ஸ்க்ரூவைக் கால் சுற்று திறந்து, த்ராட்டிலை ஒருமுறை முறுக்கி விட்டுப் பாருங்கள். ஐடிலிங்கில் சரியாக இருந்து 3000 ஆர்பிஎம்மில் விலகினால் கோளாறு இணைப்புத் தண்டிலோ கேபிளிலோ இருக்கும். பிஎம்டபிள்யூ ஆர்1150 போன்ற பழைய பாக்ஸர் இன்ஜினில் (இரு சிலிண்டரும் எதிரெதிராகப் படுத்திருப்பது) இது தெளிவாகத் தெரியும்: ஐடிலிங்கிற்குப் பித்தளை ஸ்க்ரூ, அதற்கு மேலே கேபிள் அட்ஜஸ்டர்.

டேப்பெட் (வால்வு இடைவெளி) பார்க்காமல் இதில் இறங்க வேண்டாம். நான் ஒரு ஞாயிறு முழுக்க சின்க் செய்து, மறுவாரம் டேப்பெட் வைத்தேன்; எல்லாம் மறுபடி முதலிலிருந்து. ஏர் ஃபில்டர், பிளக், வெடித்த ரப்பர் மூடி எல்லாம் அதற்கும் முன்னால்.

கேள்வி: ஷெட்டுக்குள் செய்யலாமா?

கூடாது, கார்பன் மோனாக்சைடு. வெளியே நிறுத்தி, இன்ஜின் அதிகம் சூடேறாமல் இருக்க முன்னால் ஒரு டேபிள் ஃபேன் வையுங்கள். பெட்ரோல் பம்ப் பெரும்பாலும் டேங்குக்குள் இருப்பதால், த்ராட்டில் பாடியை எட்ட டேங்கைக் கழற்றாமல் தூக்கி முட்டுக் கொடுப்பதே வசதி.

கேள்வி: இ20 (20% எத்தனால் கலந்த பெட்ரோல்) போட்டதிலிருந்து பிக்கப் மந்தம். சின்க் செய்தால் சரியாகுமா?

ஆகாது. வெறும் பெட்ரோல் முழுதாக எரிய அதன் எடையைப்போல் 14.7 மடங்கு காற்று வேண்டும், இ20க்கு சுமார் 13.5 மடங்கு. அந்த மாற்றம் எல்லா சிலிண்டருக்கும் ஒன்றுபோல். சின்க் தீர்ப்பது சிலிண்டர்களுக்கு இடையிலுள்ள வித்தியாசத்தை மட்டும்.

கேள்வி: எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை?

டேப்பெட் பார்க்கும்போதெல்லாம் டியூபை மாட்டிப் பாருங்கள். இரு பக்க ஆயிலும் சமமாக நின்றால் எதையும் திருகாமல் மூடிவிடுங்கள்.