செக் மொழியில் சொற்களின் பால்: புதிதாகப் படிப்பவர்களின் கேள்விகளுக்குப் பதில்

செக் ஒலிகளைத் தமிழ் எழுத்தில் தோராயமாகத்தான் எழுத முடிகிறது. உச்சரிப்பைக் காதால் கேட்டுச் சரிசெய்துகொள்ளுங்கள். ஆண்பால், பெண்பால் தவிர்த்த மூன்றாவதை நடுப்பால் என்கிறேன்.

கேள்வி: மேசை ஆண்பாலாம், காபி பெண்பாலாம். இதை எப்படி நினைவில் வைப்பது?

பொருளில் காரணம் தேடாதீர்கள், சொல் எப்படி முடிகிறது என்று பாருங்கள். மெய்யில் முடிந்தால் பெரும்பாலும் ஆண்பால்: ‘ஸ்டூல்’ (செக்கில் இதுதான் மேசை!). அகரத்தில் முடிந்தால் பெண்பால்: ‘காவ’, அதாவது காபி. ஒகரத்தில் முடிந்தால் நடுப்பால்: ‘பிவொ’, பியர். எகரத்தில் முடிபவைதான் படுத்தும். ‘ரூஜெ’ (ரோஜா) பெண்பால், ‘மொர்ஷெ’ (கடல்) நடுப்பால். அதனால் எந்தச் சொல்லையும் ‘அந்த’ சேர்த்தே மனப்பாடம் செய்யுங்கள்: டென் ஸ்டூல், ட காவ, டொ பிவொ.

கேள்வி: ‘டாட’ (அப்பா) அகரத்தில் முடிகிறதே, பெண்பாலா?

இல்லை. ‘டாட’ ஆண்பால்தான். ஆளைக் குறிக்கும் சொல்லில் பெரும்பாலும் ஆளின் பாலே வெல்லும்.

கேள்வி: ‘நல்ல’ என்பதற்கு ஏன் மூன்று வடிவம்?

தமிழில் நல்ல டீ, நல்ல காபி என்று ‘நல்ல’ அசையாமல் நிற்கும். செக்கில் பெயரைப் பார்த்து மாறும்: டொப்ரீ சாய், டொப்ரா காவ, டொப்ரே பிவொ. நீங்கள் முதல் நாளே கற்ற வணக்கங்களிலும் இது இருக்கிறது. பகல் வணக்கம் ‘டொப்ரீ டென்’, ஏனென்றால் நாள் ஆண்பால். காலை வணக்கம் ‘டொப்ரே ரானொ’, காலை நடுப்பால்.

கேள்வி: நான் பெண். ஆசிரியர் சொன்னபடியே ‘வீட்டில் இருந்தேன்’ என்றேன். ஏன் திருத்தினார்கள்?

உங்கள் ஆசிரியர் ஆண் என்று நினைக்கிறேன். அவர் ‘பில் செம் டொம’ என்பார். நீங்கள் ‘பில செம் டொம’ என்று சொல்ல வேண்டும். நம்மைத் தடுமாற வைக்கும் இடம் இதுதான், இங்கே கொஞ்சம் நில்லுங்கள். தமிழில் ‘இருந்தேன்’ என்பதை யார் வேண்டுமானாலும் சொல்லலாம். செக்கின் இறந்தகாலத்தில் பேசுபவரின் பாலும் தெரியும். நிகழ்காலத்தில் கதை தலைகீழ். நாம் வேலை செய்கிறான், செய்கிறாள் என்று பிரிக்கிறோம். அவர்களுக்கு இரண்டுமே ‘பிரட்சுயெ’. ஆகவே தமிழ்ப் பழக்கத்தை நம்பிப் போகாதீர்கள். வாய்விட்டுச் சொல்லிப் பழகும்போது பாடத்தில் உள்ளதைச் சொல்லாமல், உங்களுக்கான வடிவத்தையே சொல்லுங்கள்.

கேள்வி: நாய் அஃறிணை தானே?

தமிழில் ஆமாம். நாம் மனிதரோடு கோடு போடுகிறோம், செக் உயிரோடு போடுகிறது. ஆண்பால் சொற்களில் உயிருள்ளவை, இல்லாதவை என்று இரண்டு பிரிவு உண்டு. ‘கோட்டையைப் பார்க்கிறேன்’: விட்யீம் ஹ்ராட். சொல் மாறவில்லை. ‘நாயைப் பார்க்கிறேன்’: விட்யீம் ப்ச. ‘பெஸ்’ (நாய்) மாறிவிட்டது. பெண்பால் ஒருமையில் இந்தப் பிரிவே கிடையாது. பூனை (கொச்க) ‘கொச்கு’ ஆவது போலவே காபியும் ‘காவு’ ஆகும்.