டிவி பேக் விலை ஏறியது 525 ரூபாய். தண்டலில் போனது 3,000

கேள்வி: கொருக்குப்பேட்டையில் வாடகை வீடு. கணவர் ஹார்பரில் கன்டெய்னர் யார்டு வேலை, நான் வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறேன். எங்கள் வீடு, திருவொற்றியூரில் மாமியார் வீடு, தண்டையார்பேட்டையில் நாத்தனார் வீடு, மூன்றுக்கும் டிவி கனெக்‌ஷன் என் பேரில்தான். மாதம் 280, 230, 290 என்று 800 ரூபாய் வந்தது. ஒரு வருஷத்துக்கு மொத்தமாகக் கட்டினால் ஒரு மாதம் இலவசம் என்றதால் தண்டல் (தினமும் திருப்பிக் கட்டும் கடன்) வாங்கி 8,800 கட்டினேன். இப்போது ஏழு மாதம் ஆன நிலையில் சேனல் விலை ஏறிவிட்டது, மீதி ஐந்து மாதத்துக்கு ஒவ்வொரு கனெக்‌ஷனுக்கும் மாதம் 35 கூடக் கட்டுங்கள் என்கிறார்கள். முதல் தண்டல் முடிந்து, ஸ்கூல் செலவுக்கு வாங்கிய இரண்டாவது தண்டலில் 62 நாள் கட்டியாகிவிட்டது. இதையெல்லாம் விட்டுவிட்டு நெட், டிவி, ஓடிடி எல்லாம் சேர்ந்த 599 ரூபாய் ஃபைபர் பிளானுக்கு வருஷப் பணம் கட்டிவிடலாமா? நடுவில் விலை ஏற்றுவது சரியா?

பதில்: விலை உயர்வுக்குப் பிறகு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னைக் கலங்க வைத்தது அந்த 35 ரூபாய் இல்லை.

நீங்கள் எழுதியிருக்கும் தொகையைப் பார்த்தால் உங்கள் பகுதியின் வழக்கமான கணக்குதான்: 10,000 ரூபாய் தண்டல், கையில் 8,500, தினம் 100 வீதம் 100 நாள். ஆண்டு பேக்கில் உங்களுக்கு மிச்சமானது ஒரு மாதத் தொகை, 800 ரூபாய். அதற்காகக் கொடுத்த வட்டி 1,500. பேக் வாங்கிய அன்றே 700 ரூபாய் நஷ்டம். இரண்டு தண்டலும் சேர்த்து 3,000 போயிருக்கிறது. இப்போது உங்களிடம் கூடுதலாகக் கேட்பது மூன்று வீட்டுக்கும் ஐந்து மாதத்துக்கும் சேர்த்தே 525தான்.

‘நூறு ரூபாய்க்கு 15 ரூபாய் வட்டிதானே’ என்று தோன்றும். கையில் வந்தது 8,500. அதிலும் மறுநாளிலிருந்தே அசல் திரும்பப் போகிறது. சராசரியாக உங்களிடம் இருக்கும் கடன் சுமார் 4,250தான். அதற்கு 100 நாளில் 1,500 என்றால் நூற்றுக்கு 35. ஒரு வருஷத்துக்கு 130 பக்கம் வரும். எந்த ஆண்டுத் தள்ளுபடியும் இந்த வட்டிக்கு ஈடு கொடுக்காது. கேபிளுக்கு மட்டுமல்ல, கடன் வாங்கித் தள்ளுபடி பிடிக்கும் வழக்கத்தையே இத்தோடு நிறுத்துங்கள்.

இரண்டாவது தண்டலில் மீதி 38 நாள், 3,800 ரூபாய். இதை அவசரமாக அடைக்க நகையை வைக்கவோ வேறு கடன் வாங்கவோ வேண்டாம். வட்டியை முதலிலேயே பிடித்துவிட்டார்கள். சீக்கிரம் அடைத்தாலும் பெரும்பாலும் அது திரும்பி வராது. நாள்தவறாமல் கட்டி முடியுங்கள். முடிகிற அன்று ‘புதுசா போட்டுக்கிறீங்களா’ என்று கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்வதுதான் நீங்கள் செய்ய வேண்டிய முதல் வேலை.

இனி விலை உயர்வு. பில் மூன்று துண்டு: இணைப்புக்கான நெட்வொர்க் கட்டணம், சேனல் விலை, இரண்டின் மீதும் 18 சதவீத ஜிஎஸ்டி. சேனல் விலையை முடிவு செய்வது ஒளிபரப்பு நிறுவனம். நெட்வொர்க் கட்டணம் கேபிள் அல்லது டிடிஎச் நிறுவனத்துடையது. இதற்குத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் முன்பு 200 சேனல் வரை 130, அதற்கு மேல் 160 என்று உச்சவரம்பு வைத்திருந்தது. 2024 ஜூலையில் அது எடுக்கப்பட்டது. எனவே ‘சேனல் விலை ஏறிடுச்சு’ என்று வாயால் சொல்வதை ஏற்காதீர்கள். ஏறியது எந்தத் துண்டு, எந்தத் தேதி முதல் என்று பிரித்த பில் கேளுங்கள்.

அதற்கு முன் இன்னொன்றைப் பார்த்தாக வேண்டும். நீங்கள் கட்டிய ஆண்டுப் பணம் எங்கே இருக்கிறது? செட்டாப் பாக்ஸ் மெனுவிலோ நிறுவனத்தின் ஆப்பிலோ பாக்ஸ் எண்ணைப் போட்டால் முடிவுத் தேதி தெரியும். மூன்று வித நிலைமை வரலாம்.

தேதி ஐந்து மாதம் தள்ளி இருந்து, ரசீதிலும் ‘இந்தப் பேக், இந்தத் தேதி வரை’ என்று இருந்தால், பேசி முடித்த விலை அது. வித்தியாசத்தைக் கட்டாதீர்கள். நிறுவனத்தின் கஸ்டமர் கேருக்குப் போன் செய்து புகார் எண் வாங்குங்கள். அசையவில்லை என்றால் புகார்களைக் கவனிக்கும் அவர்களின் நோடல் அதிகாரிக்கு எழுதுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-லும் பதியலாம். 525 ரூபாய்க்காக நுகர்வோர் ஆணையத்துக்கு நடக்கச் சொல்ல மாட்டேன்.

பணம் நிறுவனத்தில் உங்கள் கணக்கில் (வாலட்டில்) இருப்பாக மட்டும் இருந்தால் விலை ஏறியதும் நாள் குறையும். உங்கள் வீட்டுக் கணக்கில் மீதி ஐந்து மாதத்துக்கு 280 வீதம் 1,400 இருக்கும். மாதம் 315 என்றால் அது 4 மாதம் 13 நாள்தான் வரும். 17 நாள் முன்னதாக முடிந்துவிடும். இதற்காக இன்றைக்கே 175 கட்டத் தேவையில்லை. பேக்கிலிருந்து 35 ரூபாய்க்குரிய சேனல்களை எடுத்துவிட்டால் பழைய தேதி வரை ஓடும்.

மூன்றாவதுதான் மோசம். முடிவுத் தேதி இந்த மாதக் கடைசி என்று காட்டினால், ஆண்டுப் பணம் ஆபரேட்டர் கையில் இருக்கிறது. அவர் மாதாமாதம் ரீசார்ஜ் செய்துகொண்டு வருகிறார் என்று பொருள். தொழிலை அவர் வேறொருவருக்குக் கைமாற்றினால் உங்கள் பணத்துக்குப் பதில் சொல்ல ஆள் இருக்காது. மீதி மாதங்களைக் குறிப்பிட்டு இன்றே அவரிடம் எழுத்தில் வாங்குங்கள், வாட்ஸ்அப் செய்தியாக இருந்தாலும் போதும்.

எந்தச் சேனலை எடுப்பது? ஒவ்வொரு கட்டணச் சேனலையும் தனியாகக் கேட்டு வாங்க உங்களுக்கு உரிமை உண்டு. ஒரு வாரம் வீட்டில் உண்மையிலேயே ஓடும் சேனல்களைக் காகிதத்தில் குறியுங்கள். எச்டி போட்டிருந்தால் முதலில் அதை எடுங்கள். மாமியார் வீட்டுச் சின்ன டிவியில் பெரிய வித்தியாசம் தெரியாது, சேனல் விலையும் சாதாரணத்தைவிட அதிகம். அதே நேரம் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் தனித்தனியாக மாற்றாதீர்கள். ஒரே நிறுவனத்தின் நான்கைந்து சேனல் பார்க்கிற வீட்டில் பேக்கே மலிவாக வரும். இரண்டு வழியிலும் கூட்டிப் பாருங்கள்.

ஃபைபர் பிளான் வேண்டாம். 599-க்கு ஜிஎஸ்டி சேர்த்தால் 706.82, வருஷத்துக்கு 8,482. அதாவது கச்சிதமாக இன்னொரு தண்டல் தொகை! வட்டியோடு மாதம் 830-ஐத் தாண்டும். அது உங்கள் ஒரு வீட்டுக்குத்தான். மற்ற இரண்டு வீட்டுப் பில்லும் அப்படியே நிற்கும். ஏற்கெனவே கட்டிய உங்கள் வீட்டு 1,400-ம் வீண். ‘இத்தனை ஓடிடி இலவசம்’ என்பதில் சில ஆப், போனில் மட்டும் ஓடலாம். அந்த ஒப்பந்தம் நடுவில் முடிந்தால் ஆப் போய்விடும், நீங்கள் கட்டும் தொகை குறையாது. மழையில் வயர் அறுந்தால் நெட்டும் டிவியும் ஒன்றாகப் போகும். பிள்ளைகள் படிப்புக்கு நெட் வேண்டும் என்றால் மாதக் கட்டணத்தில், டிவி சேராத சின்ன பிளான் போதும்.

ஓடிடி ஏதாவது உங்கள் போனில் ஆட்டோபே ஆகிறதா, அதாவது மாதாமாதம் தானாகப் பணம் பிடிக்கிறதா என்றும் பாருங்கள். நடுவில் விலை ஏறுவது அங்கே சத்தமில்லாமல் நடக்கும். நீங்கள் ஒப்புக்கொடுத்தது மாதம் 149 ஆக இருக்கலாம், ஆனால் அனுமதியின் உச்சத் தொகை அதைவிட அதிகமாக இருந்தால் விலை ஏறினாலும் புதிதாகக் கேட்காமலே பணம் போகும். ரிசர்வ் வங்கி விதிப்படி 24 மணி நேரத்துக்கு முன் செய்தி வர வேண்டும். அந்த எஸ்எம்எஸ்ஸைப் படிக்காமல் தள்ளிவிடாதீர்கள். யுபிஐ ஆப்பில் ஆட்டோபே பகுதிக்குப் போய் ரத்து செய்யலாம். போனிலிருந்து ஆப்பை அழிப்பது ரத்து ஆகாது.

கடைசியாக நாத்தனார் வீடு. கனெக்‌ஷன் உங்கள் பேரில் இருக்கும்வரை பாக்கி, பாக்ஸ் உடைந்த செலவு எல்லாம் உங்கள் தலையில்தான். அவர் ஒரு விளையாட்டு சேனல் சேர்த்தாலும் பில் உங்களுக்குத்தான். மீதி ஐந்து மாதமும் அவர் பார்க்கட்டும், அது நீங்கள் செய்த மரியாதை. ‘அண்ணி, பேக் முடியும்போது கனெக்‌ஷனை உங்க பேருக்கும் நம்பருக்கும் மாத்திடறேன். பொங்கலுக்கு என்னால முடிஞ்சதைக் கையில தரேன்’ என்று இப்போதே சொல்லுங்கள். முகம் கோணும், கணவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசுங்கள், அவருடைய அக்காதானே. மாமியார் வீட்டுக்கு நீங்களே கட்டுங்கள், மாதாமாதம். 2011-இல் அரசு கேபிள் 70 ரூபாய்க்கு வந்ததை அவர் நினைவுபடுத்தினால் வாதாட வேண்டாம். அவர் பார்க்கும் சேனல்களை மட்டும் வைத்து 230-ஐக் குறைக்கப் பாருங்கள்.

தண்டல் முடிந்த மறுநாளிலிருந்தும் தினம் அந்த 100 ரூபாயை எடுத்து வையுங்கள். தினம் எடுத்துப் பழகிய பணம்தான். மாதம் 3,000 சேரும். அதில் 2,000-க்கு வங்கியில் ஆர்டி (மாதாமாதம் கட்டும் சேமிப்பு) அடுத்த ஜூனுக்குள் முடிகிற மாதிரி போடுங்கள், 1,000 கையில் இருக்கட்டும். அடுத்த ஜூன் ஸ்கூல் செலவுக்கு அந்தப் பணத்தைத்தான் தொட வேண்டும். கடைசி நாள் கட்டியதும் தண்டல் அட்டையில் ‘முடிந்தது’ என்று எழுதிக் கையெழுத்து வாங்கி, அட்டையை வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.