ஆறு லட்சம் கடன் வாங்குமுன் ஒரு பவர் பேக்கைப் பாருங்கள்

அம்பத்தூர் எஸ்டேட்டில் பிரஸ் ஷாப் வேலைக்குப் போகும் அந்தத் தந்தைக்கு,

வணக்கம் ஐயா. உங்கள் மகள் பிளஸ் டூவில் கணக்கும் இயற்பியலும் நன்றாக எழுதியிருக்கிறாள். நீங்கள் நினைத்த கல்லூரிக்குக் கட்-ஆஃப்தான் எட்டவில்லை. மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்த்துவிடச் சொல்லி அவள் பெரியப்பா நெருக்குகிறார், நீங்களும் 6 லட்சம் கடனுக்குப் படிவம் வாங்கிவிட்டீர்கள். கவலைப்படாதீர்கள் என்று ஆறுதல் சொல்லி முடித்துவிடலாம். ஆனால் போகிற போக்கில் நீங்கள் எழுதிய ஒரு வரி என்னை நிறுத்திவிட்டது. தெருவில் குப்பை அமுக்கும் லாரி பழுதாகி நின்றபோது அவள் மெக்கானிக்கிடம் போய், "சிலிண்டர் ராடு வெளியே வரும்போது மெதுவா வருது, உள்ளே போகும்போது மட்டும் ஏன் வேகமா போகுது?" என்று கேட்டாள் அல்லவா? அந்த வரிதான்.

முதலில் கடன். 6 லட்சம், வட்டி 10.5 சதவீதம், 7 வருடத் தவணை என்று வைத்தால் மாதம் சுமார் 10,100 ரூபாய் வருகிறது. படிக்கும் நான்கு வருடத்துக்கு ஏறும் வட்டியைச் சேர்த்தால் இன்னும் கூடும். வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் கட்டியாக வேண்டிய பணம் இது. அந்தப் படிப்பில் மகளுக்கு விருப்பம் உண்டா என்று உங்கள் கடிதத்தில் ஒரு சொல் இல்லை. இந்தக் கடனை வாங்காதீர்கள். பெரியப்பா கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும், தவணை கட்டப்போவது அவர் இல்லை.

மற்ற பொறியியல் பிரிவுகளைப் பற்றிச் சொல்ல ஊரே இருக்கிறது. நான் சொல்ல வருவது ஹைட்ராலிக் பராமரிப்பு. நீங்கள் தினமும் நிற்கும் பிரஸ், பிளாஸ்டிக் மோல்டிங் மெஷின், துறைமுகத்தில் கன்டெய்னர் தூக்கும் ரீச் ஸ்டேக்கர், மெட்ரோ பணியில் மண் தோண்டும் எக்ஸ்கவேட்டர், டிப்பர் லாரி எல்லாமே எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்பவை. பழுதானால் அடுத்தடுத்த வேலையும் நின்றுவிடும். கணக்குப் போட்டுப் பழுது கண்டுபிடிக்கிற ஆள் அங்கே தேவை. பார்ட்ஸை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பவரால் செலவுதான் ஏறும்.

உங்கள் மகளின் கேள்விக்கு விடை இதோ. 100 மி.மீ. போர் (உள்விட்டம்) உள்ள சிலிண்டரில் பிஸ்டனின், அதாவது எண்ணெய் தள்ளும் உள்தட்டின், பரப்பு 78.5 சதுர செ.மீ. ராடு 56 மி.மீ. என்றால், ராடு பக்கத்தில் அது அடைக்கும் இடம் போக 53.9 சதுர செ.மீ. மிஞ்சுகிறது. சுற்றுக்கு 28 சி.சி. தள்ளும் பம்ப்பை 1440 ஆர்.பி.எம். மோட்டாரில் ஓட்டினால் நிமிடத்துக்கு 40 லிட்டர், உள்கசிவு போக 37 லிட்டர் வரும். அதே 37 லிட்டர் பெரிய பரப்பை நிரப்பும்போது ராடு வினாடிக்கு 7.9 செ.மீ. நகரும், சிறிய பரப்பை நிரப்பும்போது 11.4 செ.மீ. திரும்பும். வேகம் கூடும் பக்கம் பலம் குறையும்: 160 பார் அழுத்தத்தில் தள்ளும்போது சுமார் 12.8 டன், இழுக்கும்போது 8.8 டன்தான்.

மோட்டார், பம்ப், எண்ணெய் டேங்க் எல்லாம் சேர்ந்ததுதான் பவர் பேக். அதன் மோட்டார் கணக்கும் எளிதுதான். 160 பாரை 37 லிட்டரால் பெருக்கி 600ஆல் வகுத்தால் 9.9 கிலோவாட். மொத்தத் திறன் 85 சதவீதம் என்று எடுத்தால் 11.6 ஆகிறது. 11 கிலோவாட் மோட்டார் போட்டால் முழு லோடில் திணறும், அடுத்த அளவான 15தான் போட வேண்டும். டேங்க்கில் பம்ப் ஒரு நிமிடத்தில் தள்ளும் எண்ணெயைப் போல மூன்று முதல் ஐந்து மடங்கு, அதாவது 120 முதல் 200 லிட்டர் வரை இருக்கட்டும். சக்‌ஷன் பைப்பில் (டேங்க்கிலிருந்து பம்ப் எண்ணெயை உறிஞ்சும் பைப்) எண்ணெய் வினாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தைத் தாண்டாமல் இருக்க உள்விட்டம் 28 மி.மீ. தேவை. பம்ப்பிலிருந்து வெளியேறும் பிரஷர் லைனுக்கு 13 மி.மீ. போதும். இரண்டுக்கும் ஒரே ஹோஸ் போட்டு பம்ப்பைக் கெடுப்பவர்கள் நிறையப் பேர்.

பிளஸ் டூ கணக்கு இதற்குத் தாராளம். பழகிய ஆட்களே தவறவிடுவது வேறொன்று: பம்ப் எண்ணெயைத்தான் தள்ளும், அழுத்தம் எதிர்ப்பினால்தான் எழும். இது புரியாதவர்கள் அழுத்தம் காட்டும் கேஜில் முள் ஏறவில்லை என்றதும் புது பம்ப் வாங்கச் சொல்வார்கள். பார்க்க வேண்டிய வரிசையே வேறு. எண்ணெய் மட்டம், சக்‌ஷன் ஸ்ட்ரெய்னர் (வடிகட்டி) அடைப்பு, ரீவைண்டிங் செய்த மோட்டார் தலைகீழாகச் சுற்றுகிறதா, அதன்பின் ரிலீஃப் வால்வு (அழுத்தம் மிஞ்சினால் எண்ணெயை டேங்க்குக்கே திருப்பிவிடும் வால்வு) சீட்டில் தூசி சிக்கித் திறந்தே நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். இவ்வளவும் சரியாக இருந்தால்தான் பம்ப்பைச் சந்தேகிக்கலாம்.

காலையில் நன்றாக ஓடிய மெஷின் மே மாத மத்தியானத்தில் தளர்ந்துபோவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். ரிலீஃப் வால்வு வழியாக எண்ணெய் சும்மா திரும்பிக்கொண்டிருந்தால், அந்த 9.9 கிலோவாட்டும் அப்படியே சூடாக மாறி எண்ணெயில் ஏறும். 60 டிகிரியைத் தாண்டினால் எண்ணெய் நீர்த்து, உள்கசிவு கூடி, சிலிண்டர் மெதுவாகும். எண்ணெய் பால் போல வெளுத்திருந்தால் கூலரிலிருந்து தண்ணீர் கலந்திருக்கலாம், நுரைத்தால் சக்‌ஷன் இணைப்பில் காற்று இழுக்கலாம். ராடு பக்கத்து வழி அடைபட்டிருக்கையில் மறுபக்கம் 160 பார் தள்ளினால், ராடு பக்கத்தில் 233 பார் வரை எழும். பம்ப் பக்கத்துக் கேஜில் அது தெரியாது, கசிவைத் தடுக்கும் சீல் மட்டும் அடிக்கடி கிழியும். சீலை மாற்றிக்கொண்டே இருப்பவருக்கும் காரணத்தைக் கண்டுபிடிப்பவருக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

"பொம்பளைப் பிள்ளைக்கு எண்ணெய்க் கையா?" என்று கேட்பார்கள். பம்ப்பைத் தூக்கச் செயின் பிளாக் இருக்கிறது. சர்க்யூட் வரைபடத்தைப் படித்து, கேஜை எங்கே வைப்பது என்று முடிவெடுப்பதுதான் வேலை. ஆனால் கிரீஸும் வெக்கையும் உண்டு. ராத்திரியிலும் பிரேக்டவுன் என்று கூப்பிடுவார்கள். ஆரம்பச் சம்பளம் பெரிதாக இருக்காது. இதெல்லாம் மகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கேட்டபிறகும் அவள் வேண்டாம் என்றால் நானும் வேண்டாம் என்பேன், முடிவு அவளுடையது.

சரி என்றால், பிளஸ் டூ முடித்தவர்களுக்குப் பாலிடெக்னிக்கில் நேரடி இரண்டாம் ஆண்டுச் சேர்க்கை உண்டு. தரமணி சென்ட்ரல் பாலிடெக்னிக் போன்ற அரசுக் கல்லூரியில் மெக்கானிக்கல் டிப்ளமோ இரண்டே வருடத்தில் முடியும். செலவும் லட்சக்கணக்கில் போகாது. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். கிண்டியில் உள்ள தேசியத் திறன் பயிற்சி நிறுவனத்துக்கு நேரில் போய், ஹைட்ராலிக்ஸ் குறுகியகாலப் பயிற்சி எப்போது என்று விசாரியுங்கள். டிப்ளமோவுக்குப் பிறகு தரமணியிலேயே இருக்கும் தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம் வழியாக உதவித்தொகையுடன் ஒரு வருடம் அப்ரன்டிஸ் போகலாம். பின்னால் பி.இ. படிக்க ஆசை வந்தால் அதிலும் இரண்டாம் ஆண்டில் சேர வழி இருக்கிறது.

அப்ரன்டிஸ் சேருமுன் கம்பெனியில் மூன்று விஷயம் கேளுங்கள். பவர் பேக் பிரிக்கும்போது பயிற்சியாளரைக் கூட வைத்துக்கொள்வார்களா? அக்யுமுலேட்டரில் (எண்ணெயை அழுத்தத்தோடு சேமித்து வைக்கும் கலன்) நைட்ரஜன் மட்டும்தான் ஏற்றுகிறார்களா, லைனைத் திறக்குமுன் அழுத்தத்தை இறக்குகிறார்களா? ஹோஸில் ஊசிக்கசிவு இருந்தால் எப்படித் தேடுகிறார்கள்? "கையால் தடவித்தான்" என்று பதில் வந்தால் மகளை அங்கே அனுப்பாதீர்கள். அட்டையை நீட்டித்தான் பார்க்க வேண்டும். அந்த அழுத்தத்தில் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், ஆனாலும் அந்த நிமிடமே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும், தாமதித்தால் விரலே போய்விடலாம்.