சிப் ஆலை வருகிறதாம். சிப்காட் பட்டறைக்கு அதில் என்ன வேலை?

கேள்வி: ராணிப்பேட்டை சிப்காட்டில் இருபது ஆண்டுகளாகப் பட்டறை நடத்துகிறேன். கணினி கட்டுப்பாட்டில் கடையும் சி.என்.சி. லேத் மூன்று, செதுக்கித் துளையிடும் வி.எம்.சி. இயந்திரம் ஒன்று இருக்கின்றன. பாய்லர் உதிரிகள், பம்ப், வால்வு பாகங்கள் எல்லாம் ஜாப் ஒர்க்தான். டிப்ளமோ முடித்த மகன், "நாட்டில் சிப் தொழிற்சாலைகள் வரிசையாக வருகின்றன, பல கோணங்களில் திருப்பிச் செதுக்கும் ஐந்து அச்சு இயந்திரம் ஒன்று வாங்கிவிடலாம்" என்கிறான். ஒன்றரைக் கோடி ஆகும். வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைக்க வேண்டியிருக்கும். இதற்கிடையில் ஆலோசகர் ஒருவர், நான்கு லட்சம் கொடுத்தால் "செமிகண்டக்டர் வெண்டர் பதிவு" வாங்கித் தருவதாகச் சொல்கிறார். இறங்கலாமா?
– வாலாஜாபேட்டை வாசகர்

பதில்: இயந்திரத்தை இப்போது வாங்காதீர்கள். ஆலோசகருக்கு நான்கு லட்சம் அல்ல, நான்காயிரம்கூடக் கொடுக்காதீர்கள். ஆனால் தம்பியை அதட்டி உட்கார வைத்துவிடவும் வேண்டாம். அவர் பார்க்கும் திசை சரி. தட்ட நினைக்கும் கதவுதான் தவறு.

வருவது என்ன என்று முதலில் பார்த்துவிடுவோம். 2021 டிசம்பரில் ஒன்றிய அரசு 76,000 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில் இந்திய செமிகண்டக்டர் திட்டத்தை அறிவித்தது. 2025 ஆகஸ்ட் வரை அதன் கீழ் பத்து ஆலைகளுக்கு ஒப்புதல் கிடைத்திருக்கிறது; மொத்த முதலீடு சுமார் 1.6 லட்சம் கோடி. குஜராத்தில் நான்கு, ஒடிசாவில் இரண்டு, அசாம், உத்தரப் பிரதேசம், பஞ்சாப், ஆந்திரம் ஆகியவற்றில் தலா ஒன்று. தமிழ்நாடு அந்தப் பட்டியலில் இல்லை. சிலிக்கான் தகட்டின் மீது மின்சுற்றுகளைப் பதிக்கிற பெரிய ஆலை என்றால், குஜராத்தின் டோலேராவில் தைவானின் பவர்சிப் நிறுவனத்தோடு சேர்ந்து டாடா கட்டுவதுதான்: 91,000 கோடி ரூபாய், மாதம் 50,000 தகடுகள், 28 முதல் 110 நானோமீட்டர் வரையிலான தொழில்நுட்பம் (இந்த எண் குறையக் குறையச் சிப் நுட்பமானது). மீதியில் பெரும்பாலானவை, வேறெங்கோ செய்த தகட்டைத் துண்டாக வெட்டி, கம்பி இணைத்து, உறையிட்டு, சோதித்து அனுப்பும் ஆலைகள். அதைக் குறைத்துச் சொல்லவில்லை. உங்களைப் போன்றவர்களுக்கு உள்ளே நுழைய வழி இருப்பது இந்த இரண்டாவது வகையில்தான்.

டோலேரா போன்ற ஆலை உங்களிடம் எதையும் நேரடியாக வாங்காது. இயந்திரங்களை அப்ளைடு மெட்டீரியல்ஸ், லாம் ரிசர்ச், டோக்கியோ எலெக்ட்ரான், ஏ.எஸ்.எம்.எல். போன்ற கையளவு நிறுவனங்களிடம் வாங்கும். அந்த இயந்திரத்தின் ஒவ்வொரு பாகமும் எந்தப் பட்டறையில் செய்யப்பட வேண்டும் என்பதை முடிவு செய்வதும் இயந்திரம் செய்தவர்களே. ஆகவே இந்த வழியில் உங்கள் வாடிக்கையாளர் சிப் ஆலை அல்ல; சிப் ஆலைக்கு இயந்திரம் செய்பவருக்குப் பாகம் செய்து கொடுத்து, அந்த வேலையில் ஒரு பகுதியை உங்களுக்குத் தருபவர். தலை சுற்றுகிறதா? பாய்லர் தொழிலில் நீங்கள் இத்தனை ஆண்டு பிழைத்ததும் இதே படிக்கட்டில்தானே.

இந்த இடத்தில் ஜப்பானைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஒரு நாடு சிப் தொழிலில் உச்சிக்குப் போய், விழுந்து, மறுபடி எழ முயல்வதைப் பார்க்க அதைவிட நல்ல இடமில்லை. 1976இல் அரசும் ஐந்து பெரிய நிறுவனங்களும் கூட்டாக ஆராய்ச்சியைத் தொடங்கின. 1988இல் உலகச் சிப் விற்பனையில் பாதி ஜப்பானுடையது. அமெரிக்கா சும்மா இருக்கவில்லை. 1986இல் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கியது, மறு ஆண்டே 100 சதவீதத் தண்டனை வரி போட்டது. ஆனால் வீழ்ச்சிக்கு அமெரிக்காவை மட்டும் குறை சொல்வது சோம்பேறித்தனம். நினைவகச் சிப்பில் கொரியா மலிவாக, வேகமாக வந்தது. வடிவமைப்பவர் ஒருவர், தயாரித்துக் கொடுப்பவர் வேறொருவர் என்ற முறையை 1987இல் தைவானின் டி.எஸ்.எம்.சி. தொடங்கியது. எல்லாவற்றையும் தானே செய்யும் பழக்கத்தை ஜப்பானிய நிறுவனங்கள் விடவில்லை. ஹிட்டாச்சி, என்.இ.சி. ஆகியவற்றின் நினைவகப் பிரிவுகளை இணைத்து உருவாக்கிய எல்பிடா 2012இல் திவாலாகி, அமெரிக்காவின் மைக்ரானிடம் போய்ச் சேர்ந்தது. உலக விற்பனையில் ஜப்பானின் பங்கு பத்து சதவீதத்தின் அருகே இறங்கிவிட்டது.

இப்போது மீட்பு முயற்சி நடக்கிறது. டி.எஸ்.எம்.சி.யை மானியம் கொடுத்துக் குமமோட்டோவுக்கு அழைத்து வந்தார்கள்; 2024இல் அந்த ஆலை திறக்கப்பட்டது. இன்னொரு பக்கம் டொயோட்டா, சோனி உள்ளிட்ட எட்டு நிறுவனங்களின் முதலீட்டில் 2022இல் ராபிடஸ் என்ற புதிய நிறுவனம் பிறந்தது. ஐ.பி.எம். தொழில்நுட்பத்தைக் கொண்டு ஹொக்கைடோ தீவில் 2027இல் 2 நானோமீட்டர் சிப்புகளைப் பெருமளவில் தயாரிப்பது அதன் இலக்கு. 2025 ஜூலையில் மாதிரி டிரான்சிஸ்டரைக் காட்டினார்கள். மாதிரிக்கும் லாபத்துக்கும் நடுவே நீண்ட தூரம் இருக்கிறது. என் கணிப்பில், வாடிக்கையாளரைப் பிடிப்பதுதான் அவர்களுக்குத் தொழில்நுட்பத்தைவிடக் கடினமாக இருக்கப் போகிறது.

நமக்கு வேண்டியது அந்தக் கதையின் இன்னொரு பாதி. சிப் தயாரிப்பில் தோற்ற அந்த ஆண்டுகளிலும் ஜப்பானில் ஒரு கூட்டம் தோற்கவே இல்லை. சிலிக்கான் தகடு செய்யும் ஷின்எட்சு, சம்கோ. ஒளியில் மாறும் பூச்சு செய்யும் ஜே.எஸ்.ஆர்., டோக்கியோ ஓகா. தகட்டை வெட்டித் தேய்க்கும் டிஸ்கோ. இந்த டிஸ்கோ 1937இல் கூரே என்ற துறைமுக ஊரில் சாணைக்கல் செய்யும் பட்டறையாகத் தொடங்கியது. நம் வீட்டுச் சமையலறையில் திட்டு வாங்கும் அஜினோமோட்டோ இருக்கிறதே, அந்த நிறுவனம் செய்யும் மின்காப்புப் படலம் இல்லாமல் இன்று கணினிச் செயலிகளை உறையிடுவது கடினம். 2019 ஜூலையில் மூன்றே மூன்று வேதிப்பொருள்களைக் கொரியாவுக்கு ஏற்றுமதி செய்ய ஜப்பான் கெடுபிடி விதித்தது. உலகின் நினைவகச் சிப் சந்தையை ஆளும் கொரியா பதறிப்போனது. எந்த நாட்டில் யார் சிப் செய்தாலும் இவர்களிடம் வந்து வாங்கியாக வேண்டும். ஆலை மூடினாலும் சாணைக்கல் பட்டறை மூடவில்லை.

நம் நாட்டில் ஆலைகளைப் பற்றிய அறிவிப்புகள் கவிழ்ந்த கதையும் உண்டு. மொஹாலியில் அரசு தொடங்கிய சிப் ஆலை 1989இல் தீப்பிடித்து நாசமானது. மீண்டு வந்தபோது உலகம் வெகுதூரம் போயிருந்தது. வேதாந்தா – ஃபாக்ஸ்கான் கூட்டு 2023இல் உடைந்தது. ஸோஹோ தன் சிப் திட்டத்தை 2025இல் கைவிட்டது. அவர்களுக்கு அது ஒரு செய்திக் குறிப்போடு முடிந்தது. உங்கள் வங்கித் தவணை அப்படி முடியாது.

சரி, எங்கே தொடங்குவது?

உறையிட்டுச் சோதிக்கும் ஆலைகளில் தினமும் தேய்கிற, மாற்றுகிற பொருள்கள் நிறைய. சிப்பைப் பிடித்து நிறுத்தும் ஜிக், ஃபிக்ஸ்சர், தட்டுகள், சோதனை இயந்திரத்தில் ஒவ்வொரு சிப் அளவுக்கும் மாற்ற வேண்டிய பிடிப்பான் தொகுதிகள். பெரும்பாலும் அலுமினியம், ஸ்டெயின்லெஸ், சில கடினப் பிளாஸ்டிக்குகள். குறைந்த எண்ணிக்கை, அடிக்கடி மாறும் டிராயிங், அவசரம். பெரிய பட்டறைகள் முகம் சுளிக்கும் வேலை இது. உங்களிடம் இருக்கும் வி.எம்.சி.யில் நான்காவது அச்சாக ஒரு சுழல் மேடை பொருத்தினாலே இதில் பெரும்பகுதியைச் செய்யலாம். அதற்கு வீட்டுப் பத்திரம் தேவைப்படாது. இவ்வகை ஆலை நமக்குப் புதிதும் அல்ல. மறைமலை நகரில் ஸ்பெல் நிறுவனம் பல ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்து வந்திருக்கிறது. குஜராத்தின் சானந்தில் சி.ஜி. செமி 2025 ஆகஸ்டில் முன்னோட்டத் தயாரிப்பு வரிசையைத் தொடங்கியது.

அடுத்த படி, இயந்திரப் பாகங்கள். அப்ளைடு மெட்டீரியல்ஸ், லாம் ரிசர்ச் இரண்டுக்கும் பெங்களூரில் பொறியியல் மையங்கள் இருக்கின்றன. உங்கள் வாசல் வழியே போகும் அதே நெடுஞ்சாலையின் மறுமுனை. அவர்களுக்குப் பாகம் செய்யும் நடுத்தர நிறுவனங்களிடம்தான் நீங்கள் போக வேண்டும்.

அங்கே போனால் முதலில் கேட்கப்போவது மைக்ரான் அளவுத் துல்லியத்தைப் பற்றி அல்ல. துல்லியத்தில் நீங்கள் எனக்கே பாடம் எடுப்பீர்கள். கேட்கப்போவது சுத்தத்தைப் பற்றி. பாய்லர் பாகத்தில் ஒரு சொட்டு எண்ணெய் இருந்தால் துடைத்துவிடலாம். சிப் இயந்திரத்தில் காற்றை நீக்கிய வெற்றிட அறைக்குள் போகும் பாகத்தில் அது இருந்தால் ஆவியாகிச் சிலிக்கான் தகட்டில் படியும்; லட்சக்கணக்கில் நஷ்டம். அடிமூடிய துளையில் மரை போட்டால் அடியில் கூலண்ட் (வெட்டும்போது ஊற்றும் குளிர்விப்புத் திரவம்) தங்கிவிடும் என்பதால் அதற்குத் தனி விதிகள் உண்டு. இரண்டு துளைகள் உள்ளே சந்திக்கும் இடத்தில் கண்ணுக்குத் தெரியாத பிசிறு நின்றாலும் பாகம் திரும்பி வரும். துத்தநாகம், காட்மியம் கலந்த பொருள்களை வெற்றிட அறையின் பக்கமே விடமாட்டார்கள். அவை வெற்றிடத்தில் ஆவியாகும். எல்லாவற்றுக்கும் மேலாக உங்கள் பட்டறையில் ஒரு சிக்கல் இருக்கிறது: பாய்லர் எஃகின் தூள். அதே கூரையின் கீழ், அதே டேபிளில் ஸ்டெயின்லெஸ் பாகத்தை வைத்தால் இரும்புத் துகள் ஒட்டிக்கொண்டு பிறகு துரு பிடிக்கும். ஆகவே புது இயந்திரத்துக்கு முன்னால் உங்களுக்கு வேண்டியது ஒரு சுவர். ஸ்டெயின்லெஸுக்கும் அலுமினியத்துக்கும் தனி அறை, தனி டூல், தனி கூலண்ட், அல்ட்ராசோனிக் கழுவும் தொட்டி, அயனி நீக்கிய தண்ணீர், தூசியில்லாத பொட்டலம் கட்டும் மூலை. இவற்றுக்கு ஆகும் செலவு ஐந்து அச்சு இயந்திரத்தின் விலையில் ஒரு சிறு பங்குதான்.

காகித வேலையும் உண்டு. எந்தக் கம்பியிலிருந்து எந்தப் பாகம் வெட்டினீர்கள் என்பதற்கு உருக்கு எண் (ஒன்றாக உருக்கி வார்த்த தொகுதியின் எண்) வரை சான்று வேண்டும். வாயு செல்லும் 316எல் ரக ஸ்டெயின்லெஸ் பாகங்களுக்கு, சிப் துறையின் சங்கமான செமி வகுத்த எஃப்19, எஃப்20 என்ற தரக்குறிப்புகள் இருக்கின்றன. டிராயிங்கின் மூலையில் அவை எழுதியிருந்தால் அது என்னவென்று தம்பிக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒருமுறை ஒப்புதல் வாங்கிய பிறகு கட்டிங் ஆயிலின் பிராண்டை மாற்றுவதாக இருந்தாலும் எழுதிக் கேட்டுவிட்டுத்தான் மாற்ற வேண்டும். நம் ஊர்ப் பட்டறைகள் தடுக்கி விழும் இடம் இதுதான். கடையில் அந்த ஆயில் இல்லை என்று வேறொன்றை ஊற்றிவிட்டு, பாகம் அளவுக்குச் சரியாகத்தானே வந்திருக்கிறது என்று வாதம் செய்வோம். அந்த வாதம் அங்கே எடுபடாது.

வாயு பாகங்களுக்கு மின்மெருகு வேலையையும் (மின்சாரம் பாய்ச்சிப் பரப்பை மெருகேற்றுவது) நாமே செய்துவிடலாமே என்று யாராவது ஆசை காட்டுவார்கள். பாஸ்பாரிக், கந்தக அமிலங்களில் நடக்கும் வேலை அது. பாலாற்றைத் தோல் கழிவு என்ன செய்தது என்பதைப் பழைய வேலூர் மாவட்டத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மாசு செய்தவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கையை உச்ச நீதிமன்றம் உறுதிசெய்த 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பு, வேலூர்க் குடிமக்கள் அமைப்பு தொடுத்த வழக்கில் வந்ததுதான். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதியும் கழிவுநீரை வெளியே விடாத சுத்திகரிப்பும் இல்லாமல் அமிலத் தொட்டி வைக்காதீர்கள். அனுமதி பெற்ற இடத்துக்கு அனுப்பி வாங்குங்கள்.

பணத்துக்கு வருகிறேன். முதல் மாதிரியிலிருந்து தொடர் ஆர்டர் வரை ஓராண்டுக்குக் குறையாமல் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை பாய்லரும் வால்வும்தான் சோறு போட வேண்டும். பழைய வாடிக்கையாளரை இந்த மயக்கத்தில் காக்க வைக்காதீர்கள். கடன் தேவைப்பட்டால் சிறுதொழில் கடன் உத்தரவாத நிதியின் கீழ் சொத்துப் பிணையின்றி வாங்க முடியுமா என்று வங்கியில் கேளுங்கள். 2025 ஏப்ரலிலிருந்து அதன் உச்சவரம்பு 10 கோடி. சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவை நடப்பில் வைத்திருங்கள். உள்நாட்டு வாங்குநர் 45 நாளில் பணம் தர வேண்டும் என்ற சட்டப் பாதுகாப்பு அதைச் சார்ந்தது. ஒன்றிய அரசு 2025இல் 22,919 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில் தொடங்கிய மின்னணு உதிரிபாகத் திட்டமும், அதற்கு இணை மானியம் தரும் தமிழ்நாட்டின் திட்டமும் பெரிய முதலீட்டாளர்களுக்கானவை. உங்களுக்கு அவற்றின் பயன் வாடிக்கையாளர் வழியாகத்தான் வரும். சிறு பட்டறைக்கான மூலதன மானியத்தை மாவட்டத் தொழில் மையத்தில் விசாரியுங்கள்.

ஆலோசகர் சொல்லும் "செமிகண்டக்டர் வெண்டர் பதிவு" என்று நாடு முழுவதற்குமான பதிவு எதுவும் கிடையாது. ஒவ்வொரு நிறுவனமும் தன் ஆளை அனுப்பிப் பட்டறையைச் சோதித்துத் தன் பட்டியலில் சேர்க்கும். அதற்கு அடிப்படையாக ஐ.எஸ்.ஓ. 9001 என்ற தர மேலாண்மைச் சான்றையும் அளவுக் கருவிகளின் சரிபார்ப்புச் சான்றுகளையும் கேட்பார்கள். அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: எந்த நிறுவனத்தின் கொள்முதல் பிரிவு, எந்த டிராயிங்? அதற்குப் பதில் வந்தால் மேலே பேசலாம். வராது.

அந்த நான்கு லட்சத்தில் ஒரு சிறு பகுதியைத் தம்பியின் கையில் கொடுங்கள். ஆண்டுதோறும் நடக்கும் செமிகான் இந்தியா கண்காட்சிக்கும், பெங்களூரில் நடக்கும் இம்டெக்ஸ் இயந்திரக் கண்காட்சிக்கும் அவர் போகட்டும். வெறுங்கையோடு போகக் கூடாது. 316எல் ஸ்டெயின்லெஸில் உள் துளைகள் சந்திக்கும்படி ஒரு வால்வு உடலைக் கடைந்து, பிசிறெடுத்து, கழுவி, இரட்டை உறையில் போட்டு, பரப்புச் சொரசொரப்பை அளந்த அறிக்கையோடு எடுத்துப் போகட்டும். அளக்கும் கருவி உங்களிடம் இல்லையென்றால் வேலூர் பொறியியல் கல்லூரிகளின் ஆய்வகங்களில் கட்டணம் கட்டி அளக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். ஐந்து அச்சு இயந்திரத்தைப் பற்றி, முதல் தொடர் ஆர்டர் எழுத்தில் கைக்கு வந்த பிறகு, அந்த டிராயிங்கையும் வைத்துக்கொண்டு மறுபடி எழுதுங்கள்.