பேக்டு போட்ட பிறகு தரவு எங்கே போனது?

கேள்வி: ஒரு சாதனத்துக்கு சி மொழியில் டிரைவர் (அதை இயக்கும் மென்பொருள்) எழுதுகிறேன். கட்டுப்பாடு, நிலை, பயன்படாத ஓர் இடம், தரவு என 4 ரெஜிஸ்டர்கள் (சாதனத்தோடு பேசுவதற்கான சிறு இடங்கள்). ஒவ்வொன்றும் 32 பிட். நான்கையும் ஒரே ஸ்ட்ரக்டாக (பல உறுப்புகளை வரிசையாக அடுக்கும் சி வகை) எழுதியிருக்கிறேன். “வன்பொருள் என்றால் பேக்டு போட்டே ஆக வேண்டும்” என்று அலுவலகத்தில் மூத்தவர் ஒருவர் சொன்னார், கம்பைலருக்கான அந்தக் குறிப்பை (packed) ஸ்ட்ரக்டில் சேர்த்தேன். அன்றிலிருந்து தரவில் முக்கால் பங்கு காணாமல் போகிறது. ஸ்ட்ரக்டின் அளவோ அப்போதும் இப்போதும் 16 பைட்தான். என்ன மாறியது?

பதில்: பேக்டுக்கு இரண்டு வேலைகள். உறுப்புகளுக்கு நடுவே கம்பைலர் விடும் வெற்று பைட்களை நீக்குவது எல்லோருக்கும் தெரிந்தது. உங்கள் ஸ்ட்ரக்டில் நீக்குவதற்கு எதுவும் இல்லை. அதனால்தான் அளவு மாறவில்லை. இன்னொன்றை யாரும் சொல்லித் தருவதில்லை: “இந்த ஸ்ட்ரக்ட் 4-ஆல் வகுபடாத முகவரியிலும் இருக்கலாம்” என்று கம்பைலரிடம் அது சொல்லிவிடுகிறது. அப்படிப்பட்ட முகவரியில் 32 பிட்டை ஒரேயடியாகப் படிக்க முடியாத செயலி என்றால், கம்பைலர் பத்திரமாக ஒவ்வொரு பைட்டாக நான்கு முறை படித்து ஒட்டவைக்கிறது.

சாதாரண மெமரியில் இதனால் நேரம் மட்டுமே வீண். உங்கள் தரவு ரெஜிஸ்டருக்குப் பின்னால் ஒரு வரிசை காத்திருக்கிறது என்று நினைக்கிறேன்; தொடும்போதெல்லாம் முன்னால் நிற்பது வெளியேறிவிடும். நான்கு முறை தொட்டால் நான்கு 32 பிட் தரவுகள் வெளியேறும். கைக்கு வருவது ஒட்டுப்போட்ட ஒன்று.

நானும் இதில் மூன்று நாள் தொலைத்தவன். படித்தவுடன் அழிந்துவிடும் நிலை ரெஜிஸ்டர் அது. வோலடைல் (படிப்பதையும் எழுதுவதையும் கம்பைலர் தவிர்க்கக் கூடாது என்று சொல்லும் சொல்) இருக்கிறதே என்ற தைரியத்தில் சாதனத்தைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் அசெம்பிளியை (கம்பைலர் உருவாக்கிய செயலிக் கட்டளைகளை) திறந்தால், 32 பிட்டை ஒரேயடியாகப் படிக்கும் ஓர் எல்டிஆர் இருக்கவேண்டிய இடத்தில், ஒரு பைட்டை மட்டும் படிக்கும் எல்டிஆர்பி வரிசையாக நான்கு! நீங்களும் முதலில் அங்கே பாருங்கள்.

மூத்தவரையும் குறை சொல்ல மாட்டேன். நெட்வொர்க் பாக்கெட்டுகளுக்கு அவர் சொன்னது பொருந்தும். இங்கே பேக்டை எடுத்துவிடுங்கள். பயன்படாத இடத்தைப் பெயர் கொடுத்து உறுப்பாகவே எழுதுங்கள். தரவு 12-ஆம் பைட்டில்தான் தொடங்குகிறதா என்று ஆஃப்செட்ஆஃப் (உறுப்பு எத்தனையாவது பைட்டில் இருக்கிறது என்று சொல்வது) கொண்டு ஸ்டாட்டிக் அசெர்ட் (கம்பைல் செய்யும்போதே நடக்கும் சோதனை) ஒன்று போடுங்கள். சி11 தரத்திலேயே இந்த வசதி வந்துவிட்டது. லினக்ஸ் டிரைவர் என்றால் ஸ்ட்ரக்டே வேண்டாம். அடிப்படை முகவரியோடு ஆஃப்செட்டைக் கூட்டி ரீட்எல், ரைட்எல் (32 பிட்டைப் படிக்க, எழுத லினக்ஸ் தரும் செயல்கள்) என்று போய்விடுங்கள்.

கேள்வி: அதே ஸ்ட்ரக்டில் நிலை ரெஜிஸ்டரை மட்டும் பிட்ஃபீல்டாக (சில பிட்களுக்குத் தனித்தனிப் பெயர் கொடுத்து) பிரிக்கலாமா? படிக்க அழகாக இருக்கிறதே!

பதில்: அழகுதான். ஆனால் எந்தப் பிட் எந்தப் பக்கம் என்பதை சி தரம் கம்பைலரிடமே விட்டிருக்கிறது. அதைவிட மோசம், 1 எழுதினால் அழியும் பிட்கள். ஒன்றை மட்டும் அழிக்க நினைத்து நீங்கள் எழுதும் வரி, முழு ரெஜிஸ்டரையும் படித்து, மாற்றி, திரும்ப எழுதும். ஏற்கனவே 1 ஆக இருந்த மற்ற பிட்களும் 1 என்றே திரும்ப எழுதப்படுவதால், அப்போது காத்திருந்த மற்ற இன்டரப்டுகளும் (செயலியைச் சாதனம் அழைக்கும் குறிப்புகளும்) சேர்ந்தே அழியும். மாஸ்க் (அந்தப் பிட் மட்டும் 1, மற்றவை 0 ஆன மதிப்பு) போட்டு, அந்த ஒரு பிட்டை மட்டும் எழுதுங்கள்.