கொடிவேலி வேர்ப் பற்று போட்டதும் கொப்புளம் ஏன்?

கேள்வி: அம்மாவுக்கு 62 வயது, சர்க்கரை நோய் உண்டு. முழங்கால் வலிக்குச் செங்கொடிவேலி வேரை அரைத்து இரவில் பற்றுப் போட்டோம். காலையில் நீர் கோத்த கொப்புளங்கள். ஆனால் வலி குறைந்திருக்கிறது என்கிறார். அதே வேரைப் பொடித்து உள்ளுக்குக் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்கவே வேண்டாம். அம்மாவின் காலில் இருப்பது தீப்புண்ணுக்கு ஒப்பான ரசாயனப் புண். கொடிவேலி வேரில் உள்ள பிளம்பாஜின் என்ற மஞ்சள் நிறப் பொருள் தோலின் செல்களை அழித்துக் கொப்புளம் எழுப்பும். வெள்ளைக் கொடிவேலியைவிடச் சிவப்பில் இது அதிகம். பட்டவுடன் எரியாமல் சில மணி நேரம் கழித்துத் தெரிவதும் உண்டு. அதனால்தான் பலர் இரவு முழுக்க விட்டுவிடுகிறார்கள். வலி குறைந்ததாகத் தோன்றுவது, மேல்தோலின் எரிச்சல் உள்வலியை மறைப்பதால். மூட்டுத் தேய்மானம் அப்படியேதான் இருக்கிறது.

பற்று ஒட்டியிருந்தால் குழாய் நீரில் சோப்புப் போட்டு மெதுவாகக் கழுவுங்கள். கொப்புளத்தை உடைக்காதீர்கள். கசியும் நீர் பட்டால் பரவும் என்ற பயம் வேண்டாம், அது வெறும் நிணநீர். தானாக உடைந்தால் சுத்தமான நீரால் கழுவி, வாசலைன் தடவி, ஒட்டாத காஸ் துணியால் தளர்வாக மூடுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, பற்பசை எதுவும் கூடாது. சர்க்கரை நோயாளியின் புண் என்பதால் இன்றே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். டெட்டனஸ் ஊசி தேவையா என்றும் கேளுங்கள். சிவப்பு பரவினாலோ, சீழ், காய்ச்சல் வந்தாலோ, முழங்காலை மடக்க முடியாமல் வீங்கினாலோ ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. ஆறிய இடத்தில் கருமை சில மாதங்கள் நிற்கும்.

சித்த மருத்துவத்தில் சித்திரமூலம் என்ற பெயரில் இதே கொடிவேலி வேர் உள்மருந்துதானே என்று கேட்பீர்கள். உண்மைதான், ஆனால் சுத்தி, அதாவது வீரியத்தைத் தணிக்கும் பக்குவம், செய்த பிறகே. பாலும் நீரும் கலந்த பாத்திரத்தின் வாயில் துணி கட்டி, வேர்ப்பட்டைப் பொடியை அதன்மேல் பரப்பிப் புட்டுப்போல் அவிப்பார்கள். பிளம்பாஜின் நீராவியோடு வெளியேறக்கூடியது. அவித்தால் வீரியம் தணியும், முழுதாகப் போகாது. அதற்குப் பிறகும் அளவும் துணைமருந்தும் தெரிந்த சித்த மருத்துவர் கையால்தான் தர வேண்டும். பச்சை வேர்ப்பொடி வாய், வயிறு எல்லாம் எரித்து வாந்தி, பேதியில் விடும். கர்ப்பிணிகளுக்குக் கருச்சிதைவும் ரத்தப்போக்கும் உண்டாகலாம்.

வேர் அரைத்த அம்மியைச் சோப்புப் போட்டுப் பலமுறை தேய்த்துக் கழுவாமல் அதில் சட்னி அரைக்காதீர்கள். அரைத்தவர் கையையும் பாருங்கள், விரலிடுக்கில் எரிச்சல் இருக்கலாம்.